பெட்டி பார்த்த வரை

அண்ணன் வந்து போகும்போதெல்லாம், அப்பாவும் அவளும் மட்டும் இருக்கும் அந்த வீட்டில் ஒரு பொருள் கூடிவிடும். முதலில் வந்தது பல்பு. அடுத்த தடவை கெட்டில். கடைசியாக வந்ததுதான் மாத்திரைப் பெட்டி. கூடத்துச் சுவரில் அவனே பொருத்திவிட்டுப் போன வெள்ளை டப்பா வழியாக மூன்றும் இணையத்தோடு பேசிக்கொள்ளும் என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. அதைக் கெடுப்பானேன் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள். என்ன பேசும், யாரிடம் பேசும் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பொருளைக் குறை சொல்வது அந்தக் குடும்பத்தில் கிடையாது. சட்டை சின்னதாக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக் காட்டுவார்கள். அம்மா இருந்தவரை அதுதான் சட்டம். அம்மா போன பிறகும் யாரும் அதை மாற்றவில்லை.

"இங்க பாருங்கப்பா," என்று பெட்டியை அப்பாவின் மடியில் வைத்தான் அண்ணன். "காலை, மதியம், ராத்திரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூடி. நேரமாச்சுன்னா அதுவே கத்தும். நீங்க மூடியத் திறந்து மாத்திரைய எடுத்தாத்தான் நிறுத்தும்."

"எடுக்கலன்னா?"

"கொஞ்ச நேரம் கத்திப் பாத்துட்டு, செவப்பு லைட்ட போட்டுக்கிட்டு சும்மா இருந்துடும்."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு."

அண்ணன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அண்ணன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மருந்து அட்டைகளைப் பிரித்து, ஒவ்வொரு மாத்திரையாகத் தன் கையால் பெட்டிக்குள் அடுக்கினான். சார்ஜ் மாசக்கணக்கில் நிற்கும், கவலையே வேண்டாம் என்றான். டீ குடித்தான். வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

அப்பா தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த உறையை ஒரு பார்வை பார்த்து எந்தப் பையில் போட வேண்டுமோ அந்தப் பையில் எறிந்த கைகள் இப்போது லேசாக நடுங்கின. பெட்டியின் மூடிகளுக்கு நகத்தால் நெம்பித் தூக்கும் சின்னக் கொண்டி ஒன்று உண்டு. மறுநாள் காலை பெட்டி அலறிய அலறலில் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கொண்டியை நெம்ப முயன்றார், அது வழுக்கியது. மறுபடி முயன்றார். பெட்டி விடாமல் கத்தியது.

"நெஞ்சுக்குன்னு வாங்கின பெட்டி நெஞ்ச நிறுத்திட்டுத்தான் ஓயும் போலிருக்கே," என்றார் மூச்சு வாங்க.

அவள் அதை ஒரு தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி, துணி அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் தள்ளினாள். அங்கேயிருந்தும் அது வேளை தவறாமல் கூப்பிட்டது. ஆனால் தலையணைக்குள் மாட்டிக்கொண்ட பூனைக்குட்டி மாதிரிதான் கேட்டது. "உங்கண்ணன் கூப்பிடறான்," என்பார் அப்பா. அவள் எழுந்து அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு எடுத்து வருவாள். மதியம் கடையிலிருந்து ஒரு எட்டு வந்து கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு விதத்தில் பார்த்தால் பெட்டி உதவத்தான் செய்தது. மூடியைத்தான் யாரும் திறக்கவில்லை. அண்ணன் அடுக்கி வைத்தது அடுக்கியபடியே உள்ளே இருந்தது. அடுத்த தடவை வரும்போது பக்குவமாக எடுத்துச் சொல்லி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம், கடையில் மாற்றிக்கொள்ளட்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

அண்ணன் போனில் கேட்பான்: "பெட்டி எப்படி இருக்கு?"

"நல்லா வேலை செய்யுதுண்ணா."

"கெட்டில்?"

"அதுவும்தான்."

கெட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது என்று அப்பா ஒரே நாளில் ஒதுக்கிவிட்டிருந்தார். டீ பழையபடி அடுப்பில்தான் கொதித்தது. இதையெல்லாம் போனில் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறான், மனசு சங்கடப்படும்.

வேலை செய்யும் இடத்தில் மட்டும்தான் அவள் இதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டுவது அவள் வேலை. வட்டமாக வரும் லென்ஸில் நடுப்புள்ளியை மையால் குறித்து, ஃபிரேமின் வடிவத்துக்குச் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்க வேண்டும். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். விளிம்பில் மெல்லிய வரப்பு ஒன்று விட வேண்டும், அதுதான் ஃபிரேமின் பள்ளத்தில் போய் உட்காரும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் லென்ஸ் ஆடும். குறைவாகத் தேய்த்துவிட்டு அழுத்தினால் தெறித்துவிடும். பேச்சுத் தேவைப்படாத வேலை. அதனாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது.

கடைக்கார அக்கா அதற்கு நேர் எதிர். முன்னால் ஆள் இல்லையென்றால் டீ கிளாஸோடு பின்னறைக்கு வந்துவிடுவாள்.

"எங்க வீட்டு வாஷிங் மிஷினும் அந்த ஜாதிதான்டி. துணி தோச்சு முடிச்சதும் எனக்கு மெசேஜ் அனுப்புது. 'உங்கள் துணி தயார்'னு. எங்க வீட்டுக்காரர் இத்தன வருஷத்துல எனக்கு அவ்ளோ மரியாதையா ஒரு வரி எழுதினதில்ல."

"மெசேஜ் வந்து என்னக்கா பண்ணுவீங்க? நீங்க இங்க இருக்கீங்க, துணி அங்க இருக்கு."

"அதான் கேக்கறேன்! அதுவே காயப்போடவா போகுது? ஈரத்துணிய உள்ள வச்சுக்கிட்டு சேதி மட்டும் சொல்லுது. வேலையில பாதி, வாய் ரெண்டு மடங்கு." அக்கா ஒரு வாய் டீ குடித்தாள். "ஆனா ஒண்ணுடி. அந்தச் சத்தம் வந்தா மனசுக்கு என்னவோ ஒரு இது. வீட்ல யாரோ இருக்காங்கன்னு."

அவள் சக்கரத்தை நிறுத்திவிட்டு அக்காவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு லென்ஸைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அப்பாவும் பல்பைப் பற்றி ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்துப் பல்பு சாயங்காலம் தானாக எரியும். யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம். அது எரிந்ததும் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அதையே பார்ப்பார். "நம்மள நெனச்சுக்கிட்டான் பாரு," என்பார். எத்தனை வேலைக்கு நடுவில் இருந்தாலும் மறக்காமல் அங்கிருந்து விளக்குப் போடுகிறான் என்று அவருக்கு எண்ணம். இருட்டும் நேரத்துக்கு எரியும்படி அண்ணன் ஒரே ஒரு தடவை அமைத்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் போன் செய்வது எப்போதாவதுதான், அதுவும் அவளுடைய போனுக்கு. 'அப்பாகிட்டக் குடுக்கவா?' என்று அவள் கேட்பதற்குள் வேறு அழைப்பு வந்துவிடும். அப்படியிருக்க அப்பாவுக்கு அந்த வெளிச்சமாவது இருக்கட்டுமே.

அன்றைக்குக் கடை அரை நாள்தான். கதவைத் திறக்கும்போதே வாசலில் அண்ணனுடைய ஷூ. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கைப்பையை இறக்கும் முன்னே, "எப்பண்ணா வந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்றாள்.

"சொல்லியிருந்தா இதைக் காலி பண்ணி வச்சிருப்பே."

சாப்பாட்டு மேசையின் மேல் துண்டு விரிந்து கிடந்தது. அதன் மேல் மாத்திரைப் பெட்டி, எல்லா மூடிகளும் திறந்து. உள்ளே அண்ணன் அடுக்கிய மாத்திரைகள் ஒன்று குறையாமல் இருந்தன. அலமாரியிலிருந்து இழுத்த போர்வைகள் கட்டிலில் சரிந்து கிடப்பது கதவிடுக்கில் தெரிந்தது. அப்பா ஜன்னலோரத்து நாற்காலியில் இருந்தார்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாட்டிக்கொண்டோமே என்ற சிரிப்பு. "ஐயோ, அதுவா? மன்னிச்சுக்கோண்ணா. அது கத்தற கத்தல்ல அப்பா பயந்துட்டாரு. மூடியும் திறக்க வரல. நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"சிரிக்காதே."

அவன் போனைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாம் சிவப்பு. விரலால் மேலே தள்ளினான். அதற்கு முந்தைய மாதம். அதுவும் சிவப்பு.

"என்ன இது?"

"மூடியத் திறந்தா எனக்குப் பச்சை வரும். திறக்கலன்னா செவப்பு. ஒரு பச்சை காட்டு பாப்போம்."

"இது உனக்கு வருமா? ஞாபகப்படுத்தறதுக்குன்னுதானே சொன்னே?"

"அதுக்கும்தான்."

அவள் கைப்பையை இறக்கி வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நிதானமாக, கடையில் புதிதாகக் கண்ணாடி போடுபவர்களுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டி கத்தும்போது எழுந்து அட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பதை, கிண்ணத்தை, மதியம் ஓடி வருவதை எல்லாம் சொன்னாள். மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்குகிறேன், போய்க் கேட்டுப் பார் என்றாள்.

"வாங்கினா குடுத்ததா ஆயிடுமா?" என்றான். "கெட்டிலும் அப்படித்தான் காட்டுது. ஒரே ஒரு நாள் போட்டிருக்கீங்க. அவருக்கு ஒரு டீகூடக் கிடையாது."

"அடுப்புலதான் போடறேன். பிளாஸ்டிக் வாடைன்னு அப்பாதான்..."

"எல்லாத்துக்கும் அப்பா. கேட்டா போன்ல 'நல்லா வேலை செய்யுது'ன்னு சொல்றே. நீதானே சொன்னே?"

சொன்னது அவள்தான். அவன் மனசு நோகக்கூடாதே என்று சொன்ன வார்த்தையை அவன் பத்திரமாக எடுத்து வைத்திருந்து இப்போது மேசைமேல் போடுகிறான். அவள் பெட்டியைப் பார்த்தாள். தன் வழியாகப் போனது மட்டும்தான் அதற்குத் தெரியும். பக்கத்தில் ஒரு கை வந்து போனது அதற்குத் தெரியாது. இயந்திரத்தின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அது பொய் சொல்லவில்லையே. ஆனால் இவன் கூடப்பிறந்தவன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது.

"அண்ணா, இந்த செவப்பெல்லாம் நீ தினமும் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பா நெஞ்சு மாத்திரை சாப்பிடலன்னு நெனச்சே."

"ஆமா."

"மாசக்கணக்கா."

அவன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்ப ஏன் ஒரு போன் பண்ணல? 'ஏன்டி குடுக்கல'ன்னு ஒரு திட்டுத் திட்டியிருக்கலாமே. அதே அன்னிக்கே வண்டியப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே."

"கேட்டா நீ ஏதாவது சமாளிப்பே. அதான் முழுசாப் பாத்துட்டு, கையில வச்சுக்கிட்டுப் பேசலாம்னு..."

"நான் சமாளிக்கறது கெடக்கட்டும். அதுக்குள்ள அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அதான் ஆகலயே."

"ஏன் ஆகலன்னு யோசிச்சுப் பாத்தியா?"

அண்ணன் வாயைத் திறந்து மூடினான். மாடிப்படியில் யாரோ பாத்திரத்தோடு இறங்கிப் போகும் ஓசை கேட்டு அடங்கியது. அவளுக்கு ஒரு கணம் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் மருந்தில்லாமல் கிடப்பதாக நினைத்துக்கொண்டே இந்த மகன் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான் என்பது அவர் காதில் விழுந்திருக்கும்.

"சரி," என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "நீயும் நானும் பேசிட்டே இருக்க வேணாம். அவரையே கேப்போம். அப்பா, இவ உங்களுக்கு மாத்திரை குடுத்தாளா?"

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். பயமே இல்லாமல்தான் திரும்பினாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அந்த லென்ஸ் அவள் தீட்டியது. அவருக்கு மூக்கில் அழுந்தக்கூடாது என்று கனம் குறைவானதாகப் பார்த்து எடுத்து, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தது. அவர் அதைச் சட்டை நுனியால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். அவள் காத்திருந்தாள். அந்த வீட்டில் மௌனம் புதிதில்லை. அப்பாவும் அவளும் ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்து, பேசியதுபோல எழுந்து போவார்கள். அவருடைய மௌனங்களில் ஒவ்வொன்றும் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். இது எது என்று தெரியவில்லை.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லப்பா," என்றார் அப்பா.

ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் எந்தத் தெருவுக்கு எந்தப் பின்கோடு என்று நகரம் முழுக்க ஒப்பிக்கிறவர். பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் வாங்கிப் போன குடையை நேற்றுக்கூட ஞாபகமாகக் கேட்டவர். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அண்ணனின் தோள் நிமிர்ந்தது. "இதுக்கு மேல நான் என்ன சொல்ல? ஞாபகமும் போயிட்டிருக்கு. இனிமே இங்க விட முடியாது. அப்பா, கிளம்புங்க, நம்ம வீட்டுக்குப் போலாம். உங்களுக்குன்னு ரூம் ஒதுக்கியாச்சு."

"இன்னிக்கேவா?" என்றார் அப்பா.

அந்த 'இன்னிக்கே'யில் தயக்கம் இல்லை. பள்ளிக்கூடம் லீவு என்று கேட்ட குழந்தையின் குரல் மாதிரி இருந்தது.

அண்ணன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வருவதாக இறங்கிப் போனான். அவள் கால்கள் தாமாக அப்பாவின் அறைக்குப் போயின. அப்பா கட்டிலில் சட்டைகளைப் பரப்பி வைத்து, எது நல்லது எது பழையது என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கைநடுக்கம் குறைந்தாற்போல இருந்தது.

"இந்த நீலம் நல்லாருக்குமா பாப்பா?"

நாற்பதைத் தாண்டியவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"ஞாபகம் இல்லையாப்பா?"

அவர் நீலச் சட்டையை மடித்தார். காலர் கோணியது. பிரித்து மறுபடி மடித்தார்.

"காலையில நான் குடுத்தது? நேத்து மதியம் மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து குடுத்தது? 'ஏன்டி இப்படி ஓடி வரே, நானே எடுத்துக்க மாட்டேனா'ன்னு திட்டினீங்களே. அது?"

"ஞாபகம் இருக்கு."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏம்ப்பா?"

அவர் நீலச் சட்டையை நல்லவற்றின் மேல் வைத்தார். பிறகு பேசியபோது அவர் குரலில் குற்றமும் இல்லை, தற்காப்பும் இல்லை. இந்த உறை இந்தப் பைக்கு என்று சொல்கிற குரல்.

"அவன் என்னை வான்னு கூப்பிட்டதே இல்லம்மா. உங்கம்மா போனப்பகூடக் கூப்பிடல. நீ பாத்துக்கறே, நல்லாப் பாத்துக்கறேன்னு நான் சொல்லியிருந்தா, 'சரி'ன்னுட்டு டீயக் குடிச்சிட்டுப் போயிருப்பான்."

"நீங்க மருந்தில்லாமக் கெடக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டே சும்மா இருந்தவன்பா அவன். காதுல விழலையா?"

"விழுந்துச்சு." அவர் சட்டையின் மடிப்பைக் கையால் நீவினார். "தினமும் பாத்திருக்கான் இல்ல?"

அவளுக்கு அது புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது. கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான் என்று அவளுக்குக் கேட்டது, அவருக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. தினமும் பார்த்திருக்கிறான். தினமும் நினைத்திருக்கிறான்.

"அப்ப நான்?" என்றாள். கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

அப்பா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிஜமாகவே ஆச்சரியம் இருந்தது.

"உனக்கென்ன பாப்பா? நீ என் பொண்ணு. நீ எங்க போயிடப் போறே?"

அவள் அந்த வார்த்தையோடு அங்கேயே நின்றாள். அடிபட்ட இடம் உடனே வலிக்காது, முதலில் மரத்துப்போகும், அந்த மாதிரி. பிறகு குனிந்து அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள். சட்டைகளை அவர் அடுக்கினார். அவள் தொடவில்லை. அவர் எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தார். அப்போதும் தொடவில்லை.

அண்ணன் மேலே வந்தபோது பை தயாராகக் கதவருகே இருந்தது. அப்பா ஷூ மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகத் தனியாகவே இறங்கத் தொடங்கிவிட்டார். பிடிக்க வந்த அண்ணனை வேண்டாம் என்று கையாட்டினார். எனக்கு முடியும் என்று காட்டுகிற அவசரம்.

அண்ணன் கதவருகே நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல், "நீயும் இனிமே கொஞ்சம் நிம்மதியா இரு. உனக்கும் கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா," என்றான்.

சொல்லிவிடலாம். அப்பாவே ஒப்புக்கொண்டார், போய்க் கேள் என்று சொல்லலாம். படியில் வைத்தே கேட்டால் இரண்டாவது தடவை அவரால் மறக்க முடியாது. நாக்கு நுனிவரை வந்தது. கூடவே, கேட்டதும் அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்பதும் கண்ணில் வந்தது. அதற்காக விட்டுக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பெருந்தன்மை எதுவும் அந்த நேரத்தில் அவளிடம் இல்லை. இப்படிப் பிடுங்கி வாங்குகிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"மருந்து விவரம் சொல்றேன், குறிச்சுக்கோ," என்றாள்.

அவன் போனை எடுத்தான்.

"அந்த ரோஸ் மாத்திரை பாதிதான். கத்தி வச்சா பொடிஞ்சிடும். நடுவுல இருக்கற கோட்டுல நகத்த வச்சுக் கட்டைவிரலால ஒரு அழுத்து, உடையும். அதச் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் குனிய விடாதே. ஷூ லேஸ் கட்டறேன்னு குனிவாரு. தலை சுத்தி ஒரு தடவை செவுத்துல சாஞ்சுட்டாரு."

அவன் விரல்கள் வேகமாக ஓடின.

"நீர் போற மாத்திரைய சாயங்காலத்துக்கு மேல குடுத்திடாதே. தூக்கம் போயிடும், மறுநாள் முழுக்க எரிஞ்சு விழுவாரு. அப்புறம் அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை. அதுதான் அவருக்குப் பிடிக்காது. கசப்பு. முழுங்கின மாதிரித் தண்ணி குடிப்பாரு, மாத்திரை கன்னத்துக்குள்ள இருக்கும். நீ அந்தப் பக்கம் திரும்பினதும் கைக்குட்டையில துப்பிடுவாரு. அதனால குடுத்துட்டு உடனே எழுந்துடாதே. ஏதாவது பேச்சுக் குடு. பழைய ஆபீஸ் கதை கேளு. பேச்சுத் தெளிவா வந்தா உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். குழறினா இன்னும் வாயிலதான் இருக்கு."

அண்ணனின் விரல் நின்றது.

திரையின் மேல் கட்டைவிரல் அப்படியே தொங்கியது. மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, பிறகு ஏதோ கணக்கு ஓடியது. பிறகு அந்த முகத்தில் நிறமே இல்லை. ஒரு வேளை மாத்திரைகூடக் கொடுக்காத ஒருத்திக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அது அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது. அவன் கண் ஒரு நொடி மேசைமேல் கிடந்த திறந்த பெட்டிக்குப் போய்த் திரும்பியது.

"நீ..." என்றான்.

கீழேயிருந்து அப்பாவின் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது. மூச்சு இரைத்தாலும் உற்சாகமாக இருந்தது. "வாப்பா, நேரமாகுதுல்ல?"

அண்ணன் கீழே எட்டிப் பார்த்தான். "இதோ வந்துட்டேன்பா," என்றான். பிறகு குனிந்து போனைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். உள்ளே வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொருவரின் வாயையும் பார்த்துக் காத்திருந்தாயிற்று, இது கடைசி.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். கட்டைவிரல் மறுபடி திரையில் இறங்கியது.

"ம். வெள்ளை மாத்திரை, பேச்சுக் குடுக்கணும்," என்று முணுமுணுத்தபடி எழுதி முடித்தான். நிமிராமலே கேட்டான். "அப்புறம்?"

"அவ்வளவுதாண்ணா," என்றாள் அவள்.